செவலையின் இருமல்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோபம் வந்தால் கத்தாதீர்கள், டைரியில் எழுதிவிடுங்கள், பிரஷர் இறங்கும் என்றார் டாக்டர். மாத்திரைக்குப் பதிலாகவா என்று கேட்டேன். மாத்திரையோடு சேர்த்து என்றார். ஆகவே எழுதுகிறேன்.

இன்று என் மனைவி என்னைவிட வேகமாக ஓட்டிவிட்டாள்.

வாரத்தில் ஆறு நாள் நான் வெட் கிரைண்டர் செய்பவன், ஞாயிறு மட்டும் ரேஸ்காரன். ஆறு வருடமாக அப்படித்தான். உடைத்து எடைக்குப் போட வைத்திருந்த பழைய காரை வாங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி எறிந்து, காங்கேயம் செங்காளை நிறத்தில் பெயின்ட் அடித்துச் செவலை என்று பெயர் வைத்தவன் நான். டிக்கியில் இருக்கும் அலுமினிய டேங்க் கூட நான் வெல்டிங் வைத்ததுதான். அகலமாக, தட்டையாக, தாம்பாளம் மாதிரி இருக்கும். எடை கீழே நின்றால்தான் வண்டி வளைவில் சாயாது.

சுகுணாவை டிராக்கில் இறக்கியதும் நானேதான். ஜூனில் இன்ஜினுக்குப் புது ரிங் போட்டோம். ரிங் படியும்வரை மெதுவாக ஓட்ட வேண்டும். அந்தச் சலிப்பான வேலை எனக்கு ஆகாது. "நீ ஓட்டு, வேன் ஓட்டறவதான நீ" என்றேன். கம்பெனி டெலிவரி வேனில் பொள்ளாச்சிக்கும் தாராபுரத்துக்கும் கிரைண்டர் கொண்டுபோகிறவள் அவள். மூன்று ஞாயிறு மெதுவாக ஓட்டினாள். ஒவ்வொரு வளைவையும் நின்று நிதானமாகப் பாடம் பண்ணியிருக்கிறாள் என்று இன்றுதான் தெரிந்தது.

பக்கத்து ஷெட்டு ஆல்வின் ஸ்டாப்வாட்சைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். சிங்காநல்லூரில் கராஜ் வைத்திருக்கிறான். நல்ல பையன் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன். "மோகண்ணா, அக்கா உங்களவிட ஒண்ணரை செகண்டு கம்மிங்ணா!" என்று கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

செப்டம்பரில் கிளப்பின் கடைசி ரேஸ். ஒரு வண்டிக்கு ஒரே டிரைவர். "ஆகஸ்ட் கடைசி ஞாயிறு யார் நேரம் கம்மியோ அவங்க பேரக் குடுப்போம்" என்று எல்லோர் முன்னும் சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்கிறதா? சுகுணா, "எனக்கெதுக்குங்க, நீங்களே ஓட்டுங்க" என்றாள். அதுதான் எரிகிறது. விட்டுக்கொடுக்கிறாளாம்.

எழுதி முடித்துப் பிரஷர் பார்த்தேன். இறங்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

என் எடை தொண்ணூற்று நான்கு. அவள் ஐம்பத்தாறு. முக்கால் சிமென்ட் மூட்டை அளவுக்கு வித்தியாசம். அவளுடைய ஒண்ணரை செகண்டு அங்கேதான் இருக்கிறது. திறமை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுவேன்.

ஆகஸ்ட் 6, புதன்

எடை குறைக்க எனக்கு இரவு வெள்ளரிக்காய். அவள் தட்டில் பள்ளிபாளையம் சிக்கன். வேண்டுமென்றே செய்கிறாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று நான்தான் முதலில் இறங்கினேன். கண்ணாடியைத் துடைத்தேன், டிக்கியில் கிடந்த ஜாக்கி, கயிறு எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். ஆறு சுற்றுதான் என்பதால் பெட்ரோலையும் அளந்து ஊற்றினேன். தேவையில்லாத பாரத்தை யார் சுமப்பது?

இரண்டு சுற்று பட்டுப்போலப் போனது. மூன்றாவதில், அந்த நீளமான வலது வளைவு முடிந்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கிற இடத்தில் செவலை இருமியது. இரண்டு இருமல், சைலன்சரில் ஒரு பட்டாசு, பிறகு பழையபடி ஓட்டம். நான்காவது சுற்றிலும் அதே இடத்தில் அதே இருமல். வண்டியை உள்ளே கொண்டுவந்துவிட்டேன்.

ஆல்வின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். காப்பி நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "லீன் ஓடுதுங்ணா. காத்துக்கு ஏத்த பெட்ரோல் கெடைக்கல. இப்பிடியே மிதிச்சீங்கன்னா பிஸ்டன் ஓட்டையாயிரும்" என்றான். அது எனக்குத் தெரியாதாக்கும். இருப்பது ஒரே இன்ஜின். அது போனால் செப்டம்பரும் போயிற்று.

அதற்குள் சுகுணா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கேனைக் கவிழ்த்து டேங்கை விளிம்புவரை நிரப்பிவிட்டாள். வேன்காரி புத்தி. டேங்க் நிரம்பாமல் வாசலைத் தாண்டமாட்டாள். "மெதுவா ரெண்டு சுத்து போய்ப் பாக்கறனுங்க" என்று போனவள் எட்டுச் சுற்று ஓட்டினாள். ஒரு இருமல் இல்லை. ஒரு தும்மல்கூட இல்லை.

ஆல்வின் என்னைப் பார்த்துச் சிரித்தான். "வண்டில ஒண்ணுமில்லீங்ணா. உங்க காதுலதான் பொகை வருது."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கார்புரேட்டரைப் பிரித்தேன். மிதவை சரி. பெட்ரோலை அளந்து விடுகிற துளைத் திருகான ஜெட்டில் தூசி இல்லை. பெட்ரோல் ஃபில்டர் புதிது. எங்காவது காற்றுப் புகுகிறதா என்று மேனிஃபோல்டு சுற்றிலும் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன். ஓட்டை இருந்தால் இன்ஜின் சத்தம் மாறும். மாறவில்லை.

சுகுணா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். "ஏனுங்க, அன்னிக்கு டேங்குல எவ்ளோ ஊத்துனீங்க?"

"போதுமான அளவு."

"போதுமான அளவுன்னா?"

"சுகுணா, இன்ஜின் எப்பிடி ஓடுதுன்னு நீ எனக்குச் சொல்லித் தரவேண்டாம்."

போய்விட்டாள். வண்டியில் பெட்ரோல் முள்ளும் கிடையாது, மீட்டரும் கிடையாது. எடைக்காக எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. மரக்குச்சி விட்டு நனைந்த அளவைப் பார்த்துக்கொள்வோம். அவள் குச்சி விடாமலேயே கேனைக் கவிழ்க்கிறவள். அவள் என்னைக் கேட்கிறாள், எவ்வளவு என்று.

ஆகஸ்ட் 14, வியாழன்

பெட்ரோல் பம்பும் சரி. அப்படியென்றால் ஜெட்தான் சிறிது. பெரிய ஜெட் ஒன்று வாங்கிவந்து போட்டேன். எடை: தொண்ணூற்று இரண்டரை.

தாராபுரத்துக் கடைக்காரர் போன் செய்தார். நான் எடுத்ததும் "மேடம் இல்லீங்களா?" என்றார். கம்பெனி யாருடையது?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆல்வின் தன் மீட்டரைக் கொண்டுவந்து மாட்டினான். சைலன்சரில் ஒரு சென்சார். பெட்ரோல் அதிகமா, குறைவா என்று சுற்று முழுக்கக் காட்டும். போனைக் கட்டிவைத்து அதைப் படம் பிடித்தோம்.

நான் ஓட்டினேன். பெரிய ஜெட் போட்டும் அதே வளைவு, அதே இடம், அதே இருமல். டேங்கில் ஐந்து லிட்டர்தான், வண்டி இறகு மாதிரி இருந்தது, இருந்தும் நேரம் வரவில்லை. படத்தில் பார்த்தால் சுற்று முழுவதும் பெட்ரோல் அதிகம் என்று காட்டிய மீட்டர், அந்த வளைவு முடியும் இடத்தில் மட்டும் சடாரென்று லீனுக்குப் போகிறது.

பிறகு அவள், வழக்கம்போல் கேனைக் கவிழ்த்துவிட்டுப் போனாள். லீன் என்ற பேச்சே இல்லை. ஆனால் பெரிய ஜெட்டால் கரும்புகை கக்கிக்கொண்டு வண்டி திணறியது. பழைய நேரத்தைவிட இரண்டு செகண்டு அதிகம். முகம் வாடி இறங்கினாள். "இழுக்கவே மாட்டேங்குதுங்க" என்றாள். "சில நாள் அப்பிடித்தான் இருக்கும்" என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

ஆல்வின் தலையைச் சொறிந்தான். "ஒரே வண்டி, ஒரே ஜெட்டு. உங்களுக்கு ஒண்ணு சொல்லுது, அக்காளுக்கு ஒண்ணு சொல்லுது. நடுவுல என்னமோ மாறுதுங்ணா."

நடுவில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றவன் யார்? அவன்தானே? போன ஞாயிறும் அவன்தான் நின்றான். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. "நடுவுல நீதான் கை வெக்கறே" என்றேன். "அவ எறங்கறப்ப ஒரு செட்டிங்கு, நான் எறங்கறப்ப ஒரு செட்டிங்கு." எதற்காக அக்கா அக்கா என்று குழைகிறான் என்றும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவன் சூடு ஆறாத சென்சாரைத் துணியால் பிடித்துக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். வரும் வழி முழுக்கச் சுகுணா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். அடுப்படியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பிரஷர் 128/82. திட்டிய நாளில்தான் இறங்கியிருக்கிறது, டாக்டருக்குக் காட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மழை. டிராக்கை மூடிவிட்டார்கள். சக்கரங்களைப் பாலிஷ் போட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை ஒன்றுதான் என்று உட்கார்ந்தேன். பதினொன்று. சுகுணா எண்ணியிருக்கிறாள், சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்!

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். முதலில் சுகுணா ஓட்டினாள். பெரிய ஜெட் அப்படியே இருந்தது. அதைக் கழற்ற வாரத்தில் நேரம் கிடைக்கவில்லை. போன முறை மாதிரியே புகை, திணறல். பாவம், வளைவுகளில் உயிரைக் கொடுத்து ஓட்டினாள். நேரான பாதையில் வண்டி அவளைக் கைவிட்டது. இறங்கி, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் முகம் கழுவப் போன நேரத்தில் பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டேன். இரண்டில் எது பொருத்தம் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? ஒரு சோதனை, அவ்வளவுதான். டேங்கில் மிச்சமிருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டு ஐந்து லிட்டர் அளந்து ஊற்றினேன். பிறகு உடுப்பு மாற்றப் போனேன். வந்து பார்த்தபோது அவள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "பாத்து ஓட்டுங்க" என்றாள்.

முதல் சுற்று. அந்த வளைவு. இருமல் இல்லை! இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, எதிலும் இல்லை. செவலை கயிறு அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடியது. ஆறு வருடத்தில் நான் ஓட்டிய ஆகச்சிறந்த சுற்று இன்றுதான். சுகுணாவின் ஆகஸ்ட் மூன்றாம் தேதி நேரத்தைத் தொடவில்லை என்பது உண்மை, கொஞ்சம் பாக்கி இருக்கிறது. ஆனால் கணக்கு இன்றைய நேரம்தானே? கிளப் செக்ரட்டரியிடம் என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

சுகுணா சிரித்தபடி கைகொடுத்தாள். "பாருங்க, ஓட்ட முடியுது உங்களால" என்றாள்.

அதே நாள், மாலை

டிக்கியைக் கழுவலாம் என்று டேங்கைத் திறந்தேன். ஐந்து லிட்டரில் ஓடியது போக அடியில் ஈரம்தான் இருக்க வேண்டும். குச்சியை விட்டேன். முக்கால் குச்சி நனைந்து வந்தது.

ஐந்து லிட்டரை மட்டும் விட்டுவிட்டு மீதியை உறிஞ்சி எடுத்தேன். பிறகு டேங்கின் வலப்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிப் பார்த்தேன். பெட்ரோல் முழுக்க இடப்பக்கம் ஓடியது. இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் குழாய் இருப்பது வலப்பக்கம். வலது வளைவில் நடப்பது இதுதான். தாம்பாளத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிச் சாய்த்தால் மறுபக்கத்துக்கு என்ன கிடைக்கும்? நிறைய ஊற்றினால் சாய்த்தாலும் இரண்டு பக்கமும் இருக்கும். ஆறு வருடம் நிறைய ஊற்றி ஓட்டியதால் தெரியவில்லை. என் டேங்க், என் வெல்டிங், என் ஐந்து லிட்டர்.

சமையலறைக்குப் போனேன். "டேங்குல ஊத்துனது நீயா?"

"ஆமாங்க."

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

"காப்பி கொண்டாந்து கேட்டனே, அன்னிக்கே சந்தேகந்தான். நீங்க போதும்னுட்டீங்க. ஆல்வினத் திட்டுனீங்க பாருங்க, அன்னிக்கு உங்க கேனப் பாத்தேன். உறுதியாயிருச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா கேக்கற ஆளா நீங்க?" வெங்காயத்தை நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை. "ஒரு தடவ நல்லா ஓட்டுனா நீங்களே குளுந்துருவீங்கன்னு நெனச்சேன். இன்ஜினும் பொழச்சுக்கும். எப்பிடியும் இன்னிக்கு எனக்கு ஓட்டம் சரியில்ல. நீங்களே போங்க ரேஸுக்கு."

எனக்கு ஓட்டம் சரியில்ல என்றாள். அவள் அதை நம்புகிறாள். தன் கைதான் கெட்டுவிட்டது என்று நினைக்கிறாள்.

பழைய ஜெட், புது ஜெட் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். பெரிய ஜெட்டை அவளுக்காகவே விட்டுவைத்ததை, அவள் முகம் கழுவப் போனதும் மாற்றியதை, எல்லாவற்றையும். சோதனை என்ற வார்த்தையை இங்கே எழுத முடிந்தது. அவள் முகத்துக்கு நேரே வாய்க்கு வரவில்லை.

அடுப்பை அணைத்தாள். தோசை பாதி வெந்து கிடந்தது.

"பெட்ரோலக் கம்மியா ஊத்துனது முட்டாத்தனம். அதுக்கு நான் சிரிச்சுக்குவேன்" என்றாள். "இது அது இல்லீங்க. ராத்திரி பூராத் தூக்கமில்லாம, எங்க தப்புப் பண்ணுனேன், எங்க தப்புப் பண்ணுனேன்னு ஒவ்வொரு வளைவா நெனச்சுப் பாத்துட்டுக் கெடந்தேன் நானு. நீங்க பக்கத்துல படுத்துக் கொறட்டை விட்டீங்க."

வேன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்று டெலிவரி எதுவும் இல்லை.

மதியம் கிளப்புக்குப் போய் என் பெயரை அடித்துச் சுகுணா என்று எழுதிக்கொடுத்தேன். செக்ரட்டரி ஏன் என்று கேட்டார். அவள்தான் வேகம் என்றேன்.  பெயரை மாற்றிவிட்டால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். இல்லை, அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

பேசவில்லை. தாராபுரத்துப் பார்சல் பற்றிச் சொல்லக்கூட சூப்பர்வைசரை அனுப்புகிறாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

டேங்கை வெட்டி உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்தேன். இனி பெட்ரோல் அங்குமிங்கும் ஓடாது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. எடை கூடும் என்று விட்டேன்.

பிறகு சிங்காநல்லூர் போனேன். ஆல்வின் ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் படுத்திருந்தான். "தப்பா பேசிட்டேன்டா" என்றேன். வெளியே வராமலேயே, "ஸ்பேனர எடுங்ணா, பன்னெண்டு" என்றான். எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் எடுத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 13, சனி

சுகுணா பேசினாள். "கொழம்பு போதுமா?" என்றாள். போதும் என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

விடிந்ததும் டிராக்குக்குப் போய்விட்டோம். டேங்கை நானே நிரப்பினேன், விளிம்புவரை. பழைய ஜெட். புது பிளக்.

சுகுணா வந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குச்சியை எடுத்து டேங்கில் விட்டாள். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அப்புறம் ஆல்வினிடம் ஸ்குரூடிரைவர் வாங்கி, கார்புரேட்டர் மூடியைக் கழற்றி, ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தாள். கிளப் ஆட்கள் நான்கைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் அவளுக்கு டார்ச் பிடித்தேன். அதைவிட வேறு என்ன செய்வது? மூடியை மாட்டிவிட்டுத்தான் ஹெல்மெட்டை எடுத்தாள்.

பத்துச் சுற்று ரேஸ். ஐந்தாவதாகக் கிளம்பியவள் மூன்றாவது சுற்றில் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டாள். ஆல்வின் குதித்துக்கொண்டிருந்தான். நான் அந்த வலது வளைவு தெரிகிற சுவரோரம் போய் நின்றுகொண்டேன். ஒவ்வொரு சுற்றிலும் செவலை அந்த வளைவுக்குள் போகும், என் காது மட்டும் வேலை செய்யும். வளைவு முடியும், இன்ஜின் முழுக் குரலில் பாடிக்கொண்டு போகும். இன்ஜின் பிழைத்தது என்று சந்தோஷப்பட வேண்டியவன் நான். சந்தோஷம் வந்தது. ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால் வேறொன்று வந்து போனது. டாக்டர் இந்த டைரியைப் படிக்கப்போவதில்லை, ஆகவே எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் அந்த இருமல் கேட்காமல் போனதில் ஒரு சின்ன ஏமாற்றம்.

டேங்கை நிரப்பியவன் நான். தகடு வைத்தவனும் நான். இருந்தும்.

இரண்டாவதாக முடித்தாள். கோப்பை சிறியதுதான், காப்பி டம்ளர் உயரம். நான் கைதட்டினேன், இந்த முறை சத்தமாகவே.

எல்லோரும் போன பிறகு செவலையை டிரெய்லரில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தோம். பல நாள் கழித்து அவள் தானாக என் பக்கத்தில் வந்து நின்றாள். தலைமுடி வேர்வையில் ஒட்டியிருந்தது.

"அந்த வளைவு வர்றப்பெல்லாம், இருமீருமோ இருமீருமோன்னு காதத் தீட்டிட்டேதான் ஓட்டுனனுங்க" என்றாள். "குச்சி விட்டுப் பாத்தேன், ஜெட்டையும் பாத்தேன். அப்பவும் நம்பிக்க வரல. பத்துச் சுத்தும் பயம்."

"நானும் அதுக்குத்தான் காத்துட்டு நின்னேன்" என்றேன். வாய் சும்மா இருக்கிறதா?

கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் பயந்துட்டா நின்னீங்க?"

கயிற்றின் மறுமுனையை வாங்கி முடிச்சுப் போட்டேன். சரியாக விழவில்லை, அவிழ்த்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அவள் பதிலுக்காக அங்கேயே நின்றிருந்தாள்.